கழுவின படத்தில் நின்றது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய்ப் படங்களையெல்லாம் பொய் என்று சொல்லியே பேர் வாங்கியவள் நான். மாமல்லபுரத்தில் ஒரு விடுதிக் காவலாளி தன் செல்போனைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி வந்தார், கடற்கரையில் எடுத்த படத்தில் வெள்ளையாக ஓர் உருவம் நிற்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்று நீட்டினார், நான் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது உங்க கட்டைவிரல்ணா" என்றேன். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. பேயைப் பிடித்ததில் இருந்த கௌரவம் கட்டைவிரலில் இல்லை. அலைத் துளியில் பட்ட பிளாஷ், லென்ஸில் ஒட்டிய உப்பு, கேமராவின் முன்னால் பறந்த கொசு, எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. அந்த நான்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை. பாதி நாள் நானே நம்புவதில்லை. மீதிப் பாதி நாள்தான் கஷ்டம்.

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். திருப்போரூரிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில், சாலையை விட்டு உள்ளே, மஞ்சள் அடித்த பிளாட் கற்களும் முள்செடியும் மட்டுமே குடியிருக்கிற ஒரு மனையில், நானும் ஏழுமலையும் சேர்ந்து ஒரு தொலைநோக்கி வைத்திருக்கிறோம். இரவெல்லாம் அது தன்பாட்டுக்கு வானத்தைப் படம் எடுக்கும், மறுநாள் பகலில் நான் உட்கார்ந்து பார்ப்பேன். ஏழுமலை என்னைவிடப் பத்து வயது சின்னவன், செங்கல்பட்டில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தான், எல்லோர் கையிலும் போன் வந்த பிறகு அதை மூடிவிட்டு இப்போது கடைகளுக்கும் வீடுகளுக்கும் கண்காணிப்புக் கேமரா மாட்டிக்கொடுக்கிறான். வானம் எனக்கு, வயர் அவனுக்கு, அப்படித்தான் பாகம் பிரித்திருந்தோம்.

தொலைநோக்கி தருகிற படம் அழகாக இருக்காது. கண்ணாடியில் படிந்த தூசி வடை வடையாகத் தெரியும், மூலைகள் கருத்திருக்கும், கேமராவின் சொந்தச் சூடு வெள்ளைப் புள்ளிகளாகக் கொப்பளித்திருக்கும். அதனால் மூடியைப் போட்டுவிட்டு வெறும் இருட்டை ஒரு படம் எடுப்போம், அந்த இருட்டை இந்தப் படத்திலிருந்து கழிப்போம். வெறும் வெளிச்சத்தை ஒரு படம் எடுத்து அதால் வகுப்போம். பிறகு பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவோம். இதற்கு ரிடக்‌ஷன் என்று பெயர், ஆனால் ஏழுமலை ஸ்டூடியோக்காரன், அவன் வாயில் அது பிலிம் மாதிரி 'கழுவுறது'தான். "நேத்து படம் கழுவியாச்சாக்கா?" என்பான். எனக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. கழுவாத படம் ஒரு பக்கம், கழுவின படம் ஒரு பக்கம், மாற்றி மாற்றிக் கண்ணால் பார்ப்பேன். இருந்த எதையாவது சேர்த்துக் கழுவிவிட்டதா, இல்லாத எதையாவது ஒட்டவைத்துவிட்டதா என்று பார்க்க ஒரு மனிதக் கண் வேண்டும், அந்தக் கண்தான் என் பிழைப்பு.

உட்கார்ந்து பார்ப்பேன் என்று சொன்னேனே, அந்த அறை உண்மையில் அறை இல்லை, பழைய சரக்குக் கண்டெய்னர். வெள்ளை அடித்து ஏசி மாட்டியிருந்தோம். ஜன்னல் கிடையாது. அதற்குள்ளே சாமான்களைக் கண்காணிக்க ஒரு கேமரா வேண்டும் என்று வந்தபோது, ஊருக்கெல்லாம் புதுக் கேமரா மாட்டுகிற ஏழுமலை, வெளியே முழு வானத்தைப் பார்க்க வைத்திருந்து குரங்கு பிடுங்கிப் போட்ட ஒரு பழைய கேமராவை எடுத்துவந்து சுவரில் திருகினான். அதற்கென்று தீப்பெட்டி அளவில் ஒரு கணினி, தனி சிம், சோலார் பேட்டரி. மென்பொருளை மாற்றவில்லை, சோம்பேறித்தனம். ஆக, வானத்தைப் பார்த்த மாதிரியே அது அறையையும் பார்த்தது. நிமிடத்துக்கு ஒரு படம், பதினைந்து படம் சேர்ந்ததும் கழுவி ஒன்றாக்கி அவன் போனுக்கு அனுப்பும்.

பதினைந்தை எப்படி ஒன்றாக்கும் என்றால், ஒவ்வொரு புள்ளியிலும் அதிகமான படங்கள் எதைச் சொல்கின்றனவோ அதை மட்டும் வைத்துக்கொள்ளும். வானத்தில் குறுக்கே போகிற விமானமும் செயற்கைக்கோளும் அப்படித்தான் மறையும், ஒரே இடத்தில் நிற்கிற நட்சத்திரம் மட்டும் மிஞ்சும். ஏழுமலை இதை ஒரே பேச்சில் முடித்துவிடுவான்: "எலெக்‌ஷன்தாங்க்கா. எட்டு ஓட்டு வாங்கினவன் ஜெயிச்சான், ஏழு வாங்கினவன் வூட்டுக்குப் போய்க்கினே இருக்க வேண்டியதுதான்."

அன்றைக்கு அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. காலையில் அவன் போன் செய்தான்.

"யக்கா, நான் இன்னிக்கு வர்லக்கா. திருப்போரூர்ல மச்சினிக்கு வளகாப்பு. போவலன்னா வூட்ல ஒரே பேஜாராயிடும்."

"போய்ட்டு வா. சாயந்தரமா எனக்குக் கொஞ்சம் சோறு கட்டினு வா."

"ஏழு வகை சோறு கீதுக்கா. இன்னா வோணும் சொல்லு."

"புளிசாதம்."

"அதுக்குத்தான்க்கா அங்க அடிதடியே நடக்கும். பாக்கறேன்."

அவ்வளவுதான் பேச்சு. செங்கல்பட்டு வீட்டில் நான் ஒருத்திதான், ஆகவே மாலை வரைக்கும் என்னைத் தேட இந்த உலகத்தில் ஒருவருக்கும் ஒரு காரணமும் இல்லை. நான் ஓர் இடத்தில் நிற்கத் தெரியாதவள். கையில் போன் இருந்தால் இரண்டு படங்களை ஒரு நிமிடம் சேர்ந்தாற்போல் பார்க்க மாட்டேன், அதனால் வேலைக்கு உட்காரும் முன் போனை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துப் பூட்டிவிடுவது வழக்கம். அன்றைக்கும் பூட்டினேன். உள்ளே போய், கயிற்றைப் பிடித்துக் கதவை இழுத்துச் சாத்தினேன். கண்டெய்னர் கதவுக்கு உட்பக்கம் கைப்பிடி கிடையாது, அது ஆட்களுக்காகச் செய்த பெட்டி இல்லையே, சரக்குக்காகச் செய்தது. வெளியே இருக்கிற இரும்புத் தண்டு தானாக விழுந்து கொக்கியில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க அதைக் கட்டுக்கம்பியால் தூக்கிக் கட்டியிருந்தோம். கடல் காற்று அந்தக் கம்பியை எத்தனை நாளாக அரித்துக்கொண்டிருந்ததோ, நான் கதவை இழுத்த அந்த அதிர்ச்சியில் அறுந்திருக்கிறது. 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டதுகூட ஞாபகம் இருக்கிறது. என்னமோ என்று விட்டுவிட்டேன்.

ஒன்றரை மணி நேரம் போல வேலை பார்த்திருப்பேன். கரண்ட் போனது. திரை செத்தது, ஏசி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது, அறை ஒரேயடியாகக் கருப்பானது. ஏசிக் குழாய் நுழைகிற ஓட்டையில் மட்டும் பென்சில் கனத்துக்கு வெயில். சரி, வெளியே போய் நிற்கலாம் என்று கதவைத் தள்ளினேன். அது நகரவில்லை. தோளால் தள்ளினேன். முதுகைக் கொடுத்துத் தள்ளினேன். அப்போதுதான் அந்த 'டங்' எனக்கு முழுதாகக் கேட்டது.

கத்தினேன். அந்த மனையில் யார் இருக்கிறார்கள், பிளாட் கற்கள் திரும்பிப் பார்க்குமா? நாற்காலியைத் தூக்கிக் கதவில் அடித்தேன், சத்தம் மணிக்கூண்டுக்குள் இருப்பதுபோல் என் மேலேயே திரும்பி விழுந்தது. ஏழுமலை வருவதற்குச் சாயந்தரம் ஆகும். மே மாத மத்தியானத்தில் பூட்டின இரும்புப் பெட்டிக்குள் சாயந்தரம் வரை ஓர் ஆள் இருக்க முடியாது, எனக்குக் கணக்குத் தெரியும். பாட்டிலில் ஒரு வாய்த் தண்ணீர் இருந்தது. சுவர்கள் சூடேறுகிற வாசனை வந்தது, தோசைக்கல் காய்கிற வாசனை.

அப்போதுதான் எதிர்ச் சுவரின் உச்சியில் ஒரு பச்சைப் பொட்டு மினுக்கென்று எரிந்து அணைந்தது.

கேமரா! அது பேட்டரியில் ஓடுகிறது, அதன் சிம் தனி, ஏழுமலையின் போனுக்குப் படம் போய்க்கொண்டுதான் இருக்கும். ஒரு நிமிடம் கண்ணை விரித்துப் பார்க்கிற கேமரா அது, இந்தப் பென்சில் வெயிலே அதற்குப் பட்டப்பகல். சிரித்தே விட்டேன். அதன் எதிரே போய் நின்று கையை ஆட்டினேன். துப்பட்டாவைக் கழற்றிச் சுழற்றினேன். குதித்தேன். உதவி உதவி என்று இரண்டு கையாலும் காற்றில் எழுதினேன். ஒவ்வொரு படத்துக்கும் பொட்டு ஒரு தரம் மினுங்கும், கால்மணிக்கு ஒருமுறை கழுவும்போது சேர்ந்தாற்போல் மூன்று தரம் துடிக்கும். அப்படி ஒரு கால்மணி போனது, இரண்டாவது போனது, மூன்றாவதும் போனது. யாரும் வரவில்லை. தலைக்குள் ஏதோ கொதிக்கிற மாதிரி இரைச்சல். பாவி, போனைப் பார்க்கவே மாட்டானா, அங்கே சித்ரான்னம் தின்றுகொண்டிருக்கிறானா என்று அவனைத் திட்டிக்கொண்டே ஆடினேன். ஆடிக்கொண்டே இருந்தபோது பாதியில் எனக்கு உறைத்தது.

நான் ஆடுகிறேன். ஆடுவது கழுவினால் போய்விடும்.

முக்கால் மணி நேரமாக நான் என்னையே அழித்துக்கொண்டிருந்திருக்கிறேன். எத்தனை உயிராசையோடு குதித்தேனோ அத்தனை சுத்தமாக வெற்றுச் சுவர் அவன் போனுக்குப் போயிருக்கும். ஒரு விமானத்தைப்போல, ஒரு கொசுவைப்போல. பிறந்ததிலிருந்து ஓர் இடத்தில் நிற்காதவளுக்கு இப்போது வெளியே போக ஒரே வழி நிற்பதுதான். எட்டு நிமிடம். எட்டு ஓட்டு.

மூன்று துடிப்புக்காகக் காத்திருந்தேன். துடித்ததும் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, கேமராவை நேராகப் பார்த்து, வலது கையை உள்ளங்கை தெரிய உயர்த்தி நின்றேன். சுவர் சுடிதாருக்குள் சுட்டது. பச்சைப் பொட்டு, ஒன்று. மூக்கின் நுனியில் வியர்வை தொங்கியது, துடைக்கவில்லை. இரண்டு. முழங்கால் தன்னிச்சையாக ஆடியது, அதட்டினேன். மூன்று. நான்கு. ஐந்து வருவதற்குள் வருஷமாகிவிட்டது. ஆறு என்று எண்ணினேன், அது நன்றாக நினைவிருக்கிறது, ஆறு என்று வாய்விட்டே சொன்னேன், அதோடு கால்கள் இரண்டும் என்னைக் கேட்காமல் மடங்கின. சுவரோடு வழுக்கிக் கீழே விழுந்தேன். கேமராவை மேசைமேல் இருக்கிற சாமான்களைப் பார்க்கத் திருகியிருந்தான், இடுப்புக்குக் கீழே அதன் பார்வைக்கு வராது. எழ முயன்றேன், முடியவில்லை. ஆறு ஓட்டு. தோற்றுவிட்டேன் என்று தெரிந்தது, அதில் அழுகைகூட வரவில்லை, ஒரு பரீட்சையில் இரண்டு மார்க்கில் போன மாதிரிதான் இருந்தது.

கிடந்தபடி பச்சைப் பொட்டையே பார்த்தேன், அது ஒன்றுதான் பார்க்க இருந்தது. ஏழாவது வரவில்லை. எட்டாவதும் வரவில்லை. கேமராவும் போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம், எப்படிச் சொல்வது, கண்ணே தெரியாத அந்த இருட்டில் என் மேல் நிழல் விழுந்த மாதிரி இருந்தது. வெயிலில் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு மேகம் குறுக்கே வந்தால் தோலுக்குத் தெரியுமே, அது மாதிரி. இருட்டுக்குள் எப்படி நிழல் விழும் என்று கேட்காதீர்கள். அதன் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.

தெரிந்தபோது வெளிச்சம் வெடித்தது, ஏழுமலை என்னைத் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். மனை ஓரத்து வேப்பமரத்தடியில் கிடத்தி, முகத்தில் தண்ணீரைக் கொட்டி, கன்னத்தில் தட்டினான்.

"யக்கா, யக்கா! கண்ணத் தொறக்கா! இன்னாக்கா நீ, போனு எங்கக்கா?"

"டிக்கில."

"டிக்கில வெச்சிட்டு உள்ள போயி சாவறியா நீ? நல்லா வருது வாயில."

பட்டு வேட்டி முழங்கால் வரை மண். கழுத்தில் சந்தனம் வழிந்திருந்தது. அவசரத்திலும் வண்டியின் கைப்பிடியில் சோற்றுப் பொட்டலம் தொங்கியது.

"படம் வந்துச்சா?" என்றேன். நாக்கு உப்புத்தாளாக இருந்தது.

"வராம? நான் எங்கக்கா பாத்தேன், தெனம் வர்ற படந்தானே. பந்தியில எம் மச்சான் ஒருத்தன், இன்னாடா வேல செய்ற நீன்னு நோண்டிகினே இருந்தான். இந்தா எங்க ரூம பாருன்னு போன குடுத்தேன். அவன் சிரிக்கிறான்க்கா, இன்னாடா உங்க ரூம்ல ஒரு பொம்பள சொவத்த பாத்துகினு நின்னுகினு கீது, பனிஷ்மெண்டான்னு. புடுங்கி பாத்தா நீ. திரும்பி நின்னுகினு, தலைய தொங்கப் போட்டுகினு. எல போட்டது போட்டபடி வந்துட்டேன்."

"நான் கேமராவைப் பாத்துத்தானே நின்னேன்."

"எங்கக்கா பாத்த? முதுகுதான் தெரிஞ்சிது. மூஞ்சி தெரிஞ்சிருந்தா செல்ஃபி எடுக்குதுன்னு வுட்டுட்டு சோறு துன்னிருப்பேன்."

சூட்டில் அவன் கண்டபடி பேசுகிறான் என்று விட்டுவிட்டேன். பிறகு அவன் போய் பேட்டரி வயரைப் பிடுங்கிப்போட்டு, கதவைப் பூட்டிவிட்டு வந்தான்.

இரண்டு நாள் கழித்து, உடம்பு நேரானதும், கேமராவின் மெமரி கார்டை வாங்கிவந்து வீட்டில் என் கணினியில் போட்டேன். வேறென்ன செய்வேன், எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், கழுவாததையும் கழுவினதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. அந்தக் கால்மணியின் கழுவாத படங்கள் பதினைந்தும் இருந்தன, ஒன்றுகூட விடுபடவில்லை, அப்படியென்றால் பச்சைப் பொட்டு பதினைந்து முறையும் எரிந்திருக்கிறது. முதல் ஆறில் நான். கேமராவை நேராகப் பார்த்து, கையைத் தூக்கி, திருடன் போலீஸ் விளையாட்டில் பிடிபட்டவள் மாதிரி. அடுத்த ஒன்பதில் வெற்றுச் சுவர். ஒன்பது ஓட்டு சுவருக்கு, ஆறு ஓட்டு எனக்கு. கழுவினால் சுவர்தான் வர வேண்டும்.

கழுவின படத்தில் ஒருத்தி நிற்கிறாள். முதுகு காட்டி, கழுத்து வளைந்து, தரையில் எதையோ பார்க்கிறவளாக.

அந்தப் பதினைந்தையும் என் கணினியில் நானே கழுவிப் பார்த்தேன். வெற்றுச் சுவர். மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் வெற்றுச் சுவர். ஏழுமலையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"சூட்டுலக்கா. அந்தச் சின்ன கம்ப்யூட்டரு சூடாயி கணக்கு தப்பிடுச்சி."

"சூட்டில் கணக்குத் தப்பினா கோடு வரும், புள்ளி வரும். பின்கழுத்து வருமா ஏழுமலை?"

"வர்லன்னா நீ இன்னிக்கு இங்க உக்காந்துகினு இந்தக் கேள்வி கேப்பியாக்கா? வுடு."

அது நியாயம்தான். அதுவாக எதுவோ நின்று எனக்காக ஓட்டு வாங்கித் தந்தது, அதனால் நான் பிழைத்தேன், போகட்டும் என்று நானும் விட்டிருப்பேன். சில நாள் அதற்கு மனசுக்குள் நன்றிகூடச் சொன்னேன். எனக்கும் அந்தப் பச்சைப் பொட்டுக்கும் நடுவில் அது நின்றதால்தான் பொட்டு எனக்குத் தெரியவில்லை என்று புரிந்தபோதுகூட அவ்வளவு பயம் வரவில்லை.

ஆனால் கார்டில் இன்னொரு கழுவின படம் இருந்தது. ஏழுமலை வயரைப் பிடுங்குவதற்கு முன் கடைசியாக வந்தது. அதை அவன் போனில் பார்க்கவில்லை, அப்போது அவன் எனக்கு விசிறிக்கொண்டிருந்தான். அதன் கழுவாத படங்களில் முதல் மூன்றில் கதவு திறக்கிறது, அவன் முதுகு தெரிகிறது, ஏதோ ஒரு கலங்கல். மிச்சம் பன்னிரண்டிலும் திறந்த கதவு வழியே வெயில் ஒரு பட்டையாகச் சுவரில் விழுந்திருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. நான் வெளியே மரத்தடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். கழுவின படத்தில் அந்த வெயில் பட்டை இருக்கிறது, அதன் ஓரத்தில் அவளும் இருக்கிறாள். கதவு பக்கத்திலேயே திறந்து கிடக்கிறது, அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கழுத்து முன்னைவிடத் தாழ்ந்திருக்கிறது. சுவரடியில் நான் கிடந்த அதே இடத்தை, அங்கே இன்னும் யாரோ கிடக்கிற மாதிரி, குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இதை ஏழுமலைக்கு நான் காட்டவில்லை. காட்டினால் அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்பான், அது இப்போதே அவன் குரலில் எனக்குக் கேட்கிறது:

"அப்போ நான் வெளிய தூக்கினு வந்தது யாருக்கா?"